சந்தேகத்தின் பலன் குதிரைக்கே



இன்று குதிரையைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு, போன வாரம்வரைக்கும் கழுவெளிப் பறவைகளைப் பத்தித்தானே எழுதிட்டிருந்தாங்க" என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு முழுவதும் படியுங்கள். குதிரை வைத்திருப்பவர்கள் உங்களில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பீர்கள். ஆனால் வீட்டில் வளரும் மாடோ ஆடோ நாயோ, அதற்கு உள்ளுக்குள் அடிபட்டிருக்குமோ என்று ஓர் இரவாவது தூக்கம் கெட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேயவும் ஓடவும் அவிழ்த்துவிட்ட இடத்தில் குதிரை விழுந்துவிட்டாலோ, வேலியில் சிக்கிக்கொண்டாலோ, இன்னொரு குதிரையிடம் உதை வாங்கினாலோ, "நல்லாத்தானே நடக்குது" என்ற ஒரு வார்த்தையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அடிபடவில்லை என்று உறுதியாகத் தெரியும்வரை அடிபட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகிறது. லாயத்தில் அது குதிரைக்குப் போக வேண்டும். "இன்றைக்கு இதன்மேல் யாரும் ஏறக் கூடாது, டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லும் உரிமை, தினமும் அந்தக் குதிரையைத் தேய்த்துக் கழுவுகிற ஆளுக்கு இருக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன்கால். மழை விட்ட மறுநாள் இரவு ஒன்பது மணி இருக்கும். என்னிடம் எட்டாவது படித்த பையன் பேசினான். பையன் என்கிறேன், அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆரோவிலுக்கும் மரக்காணத்துக்கும் நடுவே ஒரு தோப்பில், வெளியூர்க்காரர் ஒருவரின் இரண்டு குதிரைகளை அவன் பார்த்துக்கொள்கிறான். ஊரும் பேரும் நமக்கு வேண்டாம்.

அன்று காலையில் பெண்குதிரையை மேய அவிழ்த்துவிட்டிருக்கிறான். பக்கத்துத் தோப்பில் யாரோ தகரத்தை இழுத்திருக்கிறார்கள். சத்தத்தில் மிரண்டு ஓடியிருக்கிறது. மழையில் நனைந்த நம் செம்மண் எப்படி வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கால் சறுக்கி, கம்பி வேலியில் மோதி, விழுந்து எழுந்திருக்கிறது.

"ரத்தம் வரல டீச்சர். தீனி தின்னுது, தண்ணி குடிக்குது, நடக்குது. ஆனா வலது முன்னங்கால வெக்கிறப்ப எனக்கு என்னமோ ஒரு மாதிரி இருக்குது. முதலாளிகிட்ட சொன்னேன். நல்லாத்தானே நடக்குது, பாத்துக்கலாம்னாரு. ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுப் பிள்ளைங்க ஏறி ஓட்ட வராங்க. நான்தான் சும்மா பயப்படறனா டீச்சர்?"

"தம்பி, நான் கால்நடை டாக்டர் இல்ல. ஆனா அந்தக் குதிரை நடக்கிறத தினமும் பாக்கிறவன் நீ. உனக்கு ஒரு மாதிரி இருக்குதுன்னா அது ஒரு தகவல். அத டாக்டர்கிட்ட இப்பவே சொல்லு. விடியறவரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பாத்து, நோட்டுல எழுதி வை" என்றேன்.

அப்படியே செய்தான். விடிவதற்குள் முன்னங்காலின் பின்பக்கத்தில் தசைநாண் ஓடும் இடம் லேசாக வீங்கிச் சூடாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, நாண் பிசகியிருக்கிறது, பல வாரம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். முதலாளியும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். "பாத்தீங்களா, அவன் சொன்னது சரியாப் போச்சு" என்பதற்காக இதை எழுதவில்லை. காலையில் வீக்கமே இல்லாமல், ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் அவன் பயந்தது சரிதான். ஏன் என்பதுதான் இன்றைய பாடம்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். உங்கள் கையை மேசைமேல் செங்குத்தாக வைத்து, மற்ற விரல்களை மடக்கி, நடுவிரலின் நுனியில் மட்டும் ஊன்றி நில்லுங்கள். குதிரை நிற்பது அப்படித்தான். குதிரையின் குளம்பு என்பது நம் நடுவிரல் நகம். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்கிற மூட்டு உண்மையில் நம் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாக முட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது நம் குதிகால். நானூறு கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ள உடம்பு நான்கு விரல் நுனிகளில் நிற்கிறது. அந்த எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கு முன்னங்கால்கள்மேல்தான் விழுகிறது.

அந்த முன்னங்கால் மூட்டுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, தசைநாண், மூட்டுகளைக் கட்டும் நார், அதன்மேல் தோல், அவ்வளவுதான். அடியைத் தாங்கிக்கொள்ளும் மெத்தை எதுவும் அங்கே இல்லை. நாண்களுக்கு ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் ஆறுவதற்கு வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் ஆகும். நம் பக்கத்து ஐயனார் கோயில்களில் நிற்கும் மண்குதிரைகளின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? தூண் மாதிரி உருட்டி, தடிமனாகச் செய்திருப்பார்கள். பாரம் எங்கே இறங்கும் என்று குயவருக்குத் தெரியும். நிஜக் குதிரைக்கு அந்தத் தடிமன் இல்லை.

இரண்டாவது காரணம் குதிரையின் சுபாவம். புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த இனம் அது. காட்டில் நொண்டுகிற குதிரையைத்தான் வேட்டை மிருகம் முதலில் குறிவைக்கும். அதனால் வலியை வெளியே காட்டாமல் மறைக்கும் பழக்கம் அதன் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. மிரண்ட வேகத்தில் வலி தெரியாமலும் போகும். அடிபட்ட பத்தாவது நிமிடத்தில் கொள்ளு தின்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. அதே குதிரையைப் பத்து மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு நேரத்தில் விழுந்த பிள்ளையைக் கேட்டால் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று ஓடிவிடும். ஆனால் அடுத்த பாடவேளையில் இடது கையால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும். வாய் சொன்னதை விட்டுவிட்டு முகத்தையும் கையையும் பார்க்கத்தான் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். குதிரைக்கும் அப்படி ஒரு முறையை ஆராய்ச்சியாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். முகத்தில் ஆறு அடையாளங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். காது விறைத்துப் பின்பக்கம் திரும்பியிருக்கிறதா, கண் பாதி சுருங்கியிருக்கிறதா, கண்ணுக்கு மேலே உள்ள பகுதி இறுகியிருக்கிறதா, மெல்லும் தசை புடைத்திருக்கிறதா, வாய் இறுகி மோவாய் துருத்துகிறதா, மூக்குத் துவாரம் விறைத்து அகன்றிருக்கிறதா. இந்த ஆறையும் சேர்த்துப் பார்த்தால் வலி இருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். குதிரையோடு நாள் முழுக்க இருப்பவர்கள் இதையெல்லாம் பெயர் சொல்லாமலே படித்துவைத்திருக்கிறார்கள். "ஒரு மாதிரி இருக்குது" என்று அவன் சொன்னதும் இதைத்தான்.

சரி, கவலையாக இருக்கிறது. என்ன செய்வது? கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதால் பயனில்லை. கவலையைக் கவனிப்பாக மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். டாக்டர் வரும்வரைக்கும்தான் இது.

முதலில் நாம் பதறக் கூடாது. மெதுவாகப் பேசிக்கொண்டே பக்கவாட்டில் போய்க் கயிறு போட வேண்டும். வேலிக் கம்பியில் கால் சிக்கியிருந்தால் கம்பியை வெட்டத்தான் வேண்டும், காலை இழுக்கக் கூடாது. குதிரை வைத்திருக்கிற இடத்தில் கம்பி வெட்டும் குறடு ஒன்று ஆணியில் தொங்கட்டும்.

பிறகு எண்ண வேண்டும். தாடை எலும்பின் அடியில் விரல் வைத்தால் நாடி தெரியும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. நம் வெயிலில் மூச்சு சற்றுக் கூடலாம். உடம்புச் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். மிரட்சி அடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகும் நாடி இறங்கவில்லை என்றால் உள்ளே வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து தடவிப் பார்க்க வேண்டும். நான்கு கால்களையும் மேலிருந்து கீழே, உள்பக்கமும் வெளிப்பக்கமும் தடவுங்கள். வெயிலில் நின்ற குளம்பு எப்படியும் சூடாகத்தான் இருக்கும். அதனால் ஒரு காலைத் தனியாகப் பார்க்காமல் பக்கத்துக் காலோடு ஒப்பிட வேண்டும். குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்க ஓரங்களில் நாடி துடிப்பது, ஒரு காலில் மட்டும் பலமாகத் தெரிந்தால் அந்தக் குளம்புக்குள் ஏதோ இருக்கிறது.

நடத்திப் பார்க்கும்போது சமமான கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நடத்துங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்குக் கட்டுப் போடுகிறார்கள். நடையிலேயே நொண்டுவது தெரிந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். "ஓட்டிப் பாப்போம், சரியாயிடும்" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் அந்த ஓட்டத்தில்தான் அது முழு முறிவாகும். காலின் உள்பக்கத்தில் எலும்புமேல் சதை இல்லாத இடத்தில் உதை பட்டிருந்தால் இந்த ஆபத்து அதிகம். முதல் நாள் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போய், ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கும்போது தெரிவதும் உண்டு. ஆகவே டாக்டர் ஓய்வு என்றால் ஓய்வுதான்.

காயத்தைப் பொறுத்தவரை பெரிய கிழிசலைப் பார்த்து அலறுகிறோம், சின்னத் துளையை விட்டுவிடுகிறோம். ஆபத்து பல நேரம் சின்னத் துளையில்தான் இருக்கிறது. மூட்டுக்கு மேலேயோ தசைநாண் உறைக்கு மேலேயோ முள்கம்பி குத்திய சிறு ஓட்டை வழியே கிருமி உள்ளே போனால், சில மணி நேரத்தில் கவனிக்காவிட்டால் கால் போய்விடும். அதைக் காலைவரைக்கும் தள்ளிப்போடக் கூடாது. குளம்பின் அடியில் ஆணி ஏறியிருந்தால், அது இன்னும் உள்ளே போகாதபடி சுற்றிலும் அணை கொடுத்துக் கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று அவர் பார்த்துப் பிடுங்குவது நல்லது. ரணஜன்னி என்கிற டெட்டனஸ் குதிரைக்கு மிகச் சுலபமாக வரும். அந்தக் கிருமி மண்ணிலும் இருக்கிறது, குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. கடைசியாக ஊசி எப்போது போட்டது என்று லாயச் சுவரில் எழுதிவையுங்கள்.

வீக்கம் இருந்து, காயம் இல்லாவிட்டால், 15, 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரைக் காலில் ஓடவிடலாம். மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. வலியை மறைத்துவிட்டால் டாக்டருக்குக் குறி தெரியாது. குதிரையும் வலி போய்விட்டது என்று ஓடிக் காலைக் கெடுத்துக்கொள்ளும்.

இத்தனை கவனம் எதற்கு, கால் முறிந்தால் கட்டுப் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். மனிதனை மாதக் கணக்கில் படுக்கவைக்கலாம். குதிரையைப் படுக்கவைக்க முடியாது. அதன் எடையே அதன் நுரையீரலையும் தசையையும் நசுக்கும். ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்தால் மற்றக் கால்கள் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். 2006இல் அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் ஜெயித்த பார்பரோ என்ற குதிரைக்கு, இரண்டு வாரம் கழித்து நடந்த அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. மிகச் சிறந்த மருத்துவமனையில் தகடும் திருகும் வைத்துச் சேர்த்தார்கள். எட்டு மாதம் போராடினார்கள். கடைசியில் மற்றக் கால்களின் குளம்புக்குள் அழற்சி வந்து, நிற்க ஒரு காலும் இல்லாமல் போனது. 2007 ஜனவரி 29ஆம் தேதி வலியில்லாமல் உயிர் போக ஊசி போட்டார்கள். பணத்துக்கோ டாக்டருக்கோ அங்கே குறைவில்லை.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2016 மார்ச் 14 அன்று டேராடூனில் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது சக்திமான் என்ற வெள்ளைப் போலீஸ் குதிரையின் பின்னங்கால் முறிந்தது. காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஏப்ரல் 20ஆம் தேதி அது இறந்துபோனது. முறிந்த பிறகு செய்யக்கூடியது குறைவு. முறிவதற்கு முன்னால், விரிசலாக இருக்கும்போது, பிசகாக இருக்கும்போது செய்யக்கூடியது நிறைய. அந்த நேரத்தைத்தான் நாம் "காலையில பாத்துக்கலாம்" என்று தூங்கியே தொலைக்கிறோம்.

இந்தப் பழக்கம் நம் மண்ணில் புதிதல்ல. மாணிக்கவாசகர் கதையை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அவர் கோயிலுக்குச் செலவிட, இறைவன் நரியைப் பரியாக்கினார் என்பது கதை. அரசன் கருவூலத்தைத் திறந்து கடற்கரைக்கு ஆள் அனுப்பும் அளவுக்குக் குதிரைக்கு மதிப்பு இருந்தது என்பது அதன் பின்னணி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்ன எழுதினார் தெரியுமா? அரசர் ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அதேபோல வாங்குகிறார்கள், ஆனால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். காரணமும் சொல்கிறார். இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியாது. குதிரையின் காலையும் நோயையும் பார்க்கத் தெரிந்த லாடக்காரர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாதபடி குதிரை வியாபாரிகளே தடுத்துவிடுகிறார்கள். குதிரை செத்தால்தானே மறு வருடம் புதுக் குதிரை விற்கும்!

போலோ கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பாதியைத் தள்ளினாலும் மீதி சுடுகிறது. குதிரைக்குக் கொட்டிக்கொடுத்தோம், குதிரையைப் பார்க்கத் தெரிந்த மனிதனுக்குக் கொடுக்கவில்லை. செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போனபோது, யாரும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையைத் தேசிங்கு ராஜன் அடக்கிய கதையைக் கேட்டுக் கைதட்டினீர்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு இறந்த அந்த இளைஞனின் பெயரும் அவன் குதிரையின் பெயரும் கதைப்பாடலில் நிற்கின்றன. அந்தக் குதிரைக்குக் கொள்ளு வேகவைத்தவன், குளம்பில் கல் எடுத்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. மகாபாரதத்தில் மட்டும் நகுலன் விராடனின் லாயத்தில் குதிரைக்காரனாக வேலை பார்க்கிறான். இளவரசனாக இருந்தும் அந்த வேலை அவனுக்குக் கௌரவக் குறைவாகத் தெரியவில்லை.

இனி, நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு வருகிறேன்.

"அப்படியானால் அவிழ்த்துவிடாமல் லாயத்திலேயே கட்டிவைத்துவிடலாமே?" கூடாது. விளையாட்டு மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தது என்பதற்காக விளையாட்டுப் பாடவேளையை ரத்து செய்யும் பள்ளியை நான் என்றுமே ஏற்றுக்கொண்டதில்லை. குதிரை நாளெல்லாம் நடந்து மேயப் பிறந்தது. அடைத்துவைத்தால் குடல் இயக்கம் கெட்டு வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, அந்த வயிற்றுவலியே அதைக் கொன்றுவிடலாம். சும்மா நிற்கிற குதிரை மரத்தைக் கடிக்கும், இடமும் வலமும் ஆடிக்கொண்டே நிற்கும். கட்டிவைப்பதைவிட அவிழ்த்துவிடும் இடத்தைச் சரிசெய்வதுதான் வழி. முள்கம்பியை எடுத்துவிட்டு, மரச்சட்டமோ கண்ணுக்குத் தெரியும் அகல நாடாவோ போடுங்கள். மழை பெய்த மறுநாள் சரிவான இடத்தில் விடாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு தகரம், ஆணி, கண்ணாடி, கம்பி எல்லாம் சேற்றுக்குள் புதைந்துகிடக்கும். ஆடு மாடு குதிரையை விடுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஒருமுறை முழுதாக நடந்து பார்த்துவிட வேண்டும்.

"பெரிய இடத்துக் குதிரைக்கு இதெல்லாம் சரி டீச்சர். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிப் பிழைப்பவர், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர் என்ன செய்வார்? ஒரு நாள் ஓய்வு என்றால் ஒரு நாள் அடுப்பு எரியாதே?" இது நியாயமான கேள்வி. இதற்குச் சுலபமான பதில் இல்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. இரண்டு நாள் வருமானம் போவது ஒரு பக்கம், குதிரையே போவது மறுபக்கம். இந்தக் கணக்கு அந்த ஏழைக்குத் தெரியாமல் இல்லை. அவசரம் அவரைத் தள்ளுகிறது. அவரைத் தள்ளுவதில் நமக்கும் பங்கு இருக்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டு, நொண்டுகிற குதிரையாக இருந்தாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் நம் வீட்டு ஆட்கள்தானே? உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு நாள் வந்தால், "பரவாயில்ல தம்பி, கார்ல போய்க்கிறோம், பணத்த நீயே வெச்சுக்க" என்று சொல்லுங்கள். கல்யாணத்தில் கரையும் பணத்தில் அது ஒரு பூமாலைச் செலவு.

சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. காயமோ நோயோ உள்ள, வேலைக்கு லாயக்கில்லாத விலங்கை வேலை வாங்குவது குற்றம். தண்டனை என்ன தெரியுமா? முதல் முறை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்வரை அபராதம். ஐம்பது ரூபாய்க்கு யாரும் பயப்படப் போவதில்லை. ஆகவே இதில் சட்டத்தைவிட நம் மனசாட்சியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

"மனுஷனுக்கே ராத்திரியில் டாக்டர் கிடைக்காத ஊரில் குதிரைக்கு டாக்டரா?" என்று ஒருவர் கேட்பார். அவருக்கு நான் பாம்புக்கடியை நினைவுபடுத்துவேன். உப்பளத்திலும் வயலிலும் வேலை செய்கிற நம் ஜனங்களுக்கு நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் பழக்கமானவை. கடித்தால் ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற மருந்து எங்கிருந்து வருகிறது? இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பின் விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. மருந்து நிறுவனங்கள் அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுகின்றன. குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகிறது. அதைப் பிரித்தெடுத்துத்தான் குப்பியில் அடைக்கிறார்கள். நம் ஊரில் பாம்பு கடித்து ஊசி போட்டுப் பிழைத்த ஒவ்வொருவர் உடம்பிலும் குதிரையின் ரத்தத்திலிருந்து வந்த மருந்துதான் ஓடியிருக்கிறது. அந்த இனத்துக்கு ஓர் இரவு விழித்திருப்பது பெரிய தியாகம் இல்லை.

டாக்டர் கிடைக்கவே மாட்டார் என்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 1962 என்ற எண் கால்நடை அவசர ஊர்திக்கானது. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரை வைத்திருப்பவர்கள் குதிரை பார்த்துப் பழகிய டாக்டர் ஒருவரை முன்கூட்டியே அறிமுகம் செய்துகொண்டு, அவர் எண்ணையும் லாயக் கதவில் எழுதிவைத்துவிடுங்கள். அடிபட்ட பிறகு எண் தேடக் கூடாது.

முதலாளிகளாக இருக்கிற என் மாணவர்களுக்கு ஒன்று. நீங்கள் குதிரையோ, மாட்டுப் பண்ணையோ, கோழிப் பண்ணையோ, எதுவேண்டுமானாலும் வைத்திருங்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வந்து "ஐயா, என்னமோ சரியில்லை" என்று சொன்னால், "என்ன சரியில்லை, சரியாச் சொல்லு" என்று மிரட்டாதீர்கள். அவருக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், பார்க்கத் தெரியும். அவர் பயம் பத்தில் ஏழு முறை வீண் பயமாக முடிந்தாலும் திட்டாதீர்கள். ஒருமுறை கேலி செய்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார். வகுப்பில் தப்பான பதிலுக்குச் சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை பிறகு கையே தூக்காது அல்லவா, அதே கதைதான்.

பார்த்துக்கொள்ளும் ஆட்களாக இருக்கிற என் மாணவர்களுக்கும் ஒன்று. "ஒரு மாதிரி இருக்குது" என்பதோடு நிற்காமல் எழுதிவையுங்கள். எத்தனை மணிக்கு, எந்தக் கால், நாடி எத்தனை, தீனி எவ்வளவு தின்றது, சாணி போட்டதா. செல்போனில் நடையைப் படம் எடுங்கள். உங்கள் பயத்துக்கு அப்போது ஓர் எடை வந்துவிடும். எண்ணும் எழுத்தும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பரீட்சைக்கு மட்டும் இல்லை.

உங்கள் வீட்டு விலங்குகளுக்கு இப்படி ஓர் இரவு வந்திருந்தால், நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். கால்நடை மருத்துவம் படித்த பிள்ளைகள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் சேர்க்கவோ திருத்தவோ வேண்டியது இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், எல்லோருக்கும் பயன்படும். மழைக்காலம் இன்னும் முடியவில்லை. தோப்பிலும் கொல்லையிலும் கிடக்கிற பழைய கம்பியை இந்த ஞாயிற்றுக்கிழமை சுருட்டி எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்